படியளக்கும் உக்கிராணக்காரன்: மறுசேர்க்கை டி.என்.ஏ. நுட்பத்தின் வரலாற்றைக் குறித்த ஒரு சிந்தனை

சென்ற நூற்றாண்டில் மனிதன் கைக்கு வந்த ஆற்றல்களுள் இரண்டு, படைப்பின் உள்ளமைப்பையே தொடுவன. ஒன்று, அணுவின் கருவைப் பிளக்கும் ஆற்றல். மற்றொன்று, உயிரணுவினுள் எழுதப்பட்டுள்ள மரபுச் செய்தியை வெட்டி வேறோர் உயிரில் ஒட்டும் ஆற்றல். சென்னைக்குத் தெற்கேயுள்ள நம் கடற்கரைப் பகுதி இவ்விரண்டையும் அண்டை வீட்டாராகப் பெற்றுள்ளது. கல்பாக்கத்தில் 1980களில் அணுமின் நிலையம் எழுந்தது. நெடுங்காலம் உப்பு விளைந்த கேளம்பாக்கத்தை அடுத்து, சிறுசேரியில், பெண் தொழில்முனைவோருக்கென்றே உயிர்த்தொழில்நுட்பப் பூங்கா ஒன்று இந்திய விடுதலையின் பொன்விழாப் பெயரால் நிறுவப்பட்டது. அதே பழைய மாமல்லபுரம் சாலையின் வட கோடியில், தரமணியில், மரபணு ஆய்வுக்கூடங்கள் பல உள்ளன.

அணுவாற்றலைப் பற்றித் திருச்சபை நிறையப் பேசியுள்ளது. மரபணு நுட்பத்தைப் பற்றி நம் சபைகளில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் இரு முனைகளில் நின்றுவிடுகிறது. கடவுளின் வேலையில் மனிதன் கை வைக்கிறான் என்பது ஒரு முனை. அறிவியல் எல்லாக் குறையையும் தீர்த்துவிடும் என்பது மற்றொரு முனை. இரண்டுமே இந்நுட்பத்தின் மெய்யான வரலாற்றைப் பாராமல் எழும் பேச்சுகள். லூக்கா 12ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் உக்கிராணக்காரன் நமக்கு வேறோர் அளவுகோலைத் தருகிறான். களஞ்சியத்தின் திறவுகோல் அவன் கையில் இருப்பதைப் பற்றி அங்கே குற்றச்சாட்டு ஏதுமில்லை. வீட்டாருக்கு உரிய வேளையில் அவன் படியளந்தானா என்பதே அங்கு எழும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கையில் கொண்டு இந்நுட்பத்தின் ஐம்பதாண்டு வரலாற்றை, சிறப்பாக நம் நாட்டில் அது நடந்த வழியை, நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கத்தரியும் பசையும்

1953ஆம் ஆண்டில் வாட்சன், கிரிக் என்னும் இருவர், ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் முதலியோர் எடுத்த ஊடுகதிர்ப் படங்களின் துணைகொண்டு, டி.என்.ஏ. மூலக்கூறின் இரட்டைச் சுருள் வடிவத்தை வெளியிட்டனர். நான்கே எழுத்துகளால் ஆன நெடுஞ்சுவடி அது. அச்சுவடியின் மொழியை அறிஞர்கள் அடுத்த பத்தாண்டுகளில் படித்தறிந்தனர். அவர்களுள் ஒருவர் பஞ்சாபின் சிற்றூர் ஒன்றில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. 1968இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், 1970இல் ஒரு மரபணு முழுவதையும் ஆய்வுக்கூடத்தில் வேதிமுறையால் கட்டிமுடித்ததாக அறிவித்தார்.

சுவடியைப் படிப்பது ஒன்று, வெட்டி ஒட்டுவது மற்றொன்று. வெட்டுவதற்கு வேண்டிய கத்தரி எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. பாக்டீரியங்கள் தம்முள் நுழையும் வைரசுகளின் டி.என்.ஏ.வைத் துண்டித்துத் தம்மைக் காத்துக்கொள்கின்றன. அதற்கு அவை பயன்படுத்தும் வெட்டு நொதிகள், குறிப்பிட்ட எழுத்துத் தொடரைக் கண்டால் அவ்விடத்தில் மட்டும் வெட்டும். வெர்னர் ஆர்பர், ஹாமில்ட்டன் ஸ்மித், டேனியல் நாதன்ஸ் ஆகியோர் இதனை ஆராய்ந்து 1978இல் நோபல் பரிசு பெற்றனர். வெட்டுண்ட முனைகளைச் சேர்க்கும் இணைப்பு நொதி 1967இலேயே அறியப்பட்டிருந்தது. ஆக, கத்தரியும் பசையும் மனிதன் வரும்முன்னரே படைப்பினுள் இருந்தன. அவன் அவற்றைக் கண்டெடுத்தான். இச்செய்தியை இறையியல் மாணவர் நினைவிற்கொள்வது நல்லது.

1972இல் பால் பெர்க் இருவேறு வைரசுகளின் டி.என்.ஏ.வை ஒன்றாக இணைத்தார். 1973இல் ஸ்டான்லி கோயன், ஹெர்பர்ட் போயர் என்போர் இன்னும் ஓர் அடி முன்சென்றனர். பாக்டீரியத்தினுள் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையம் உண்டு. அவ்வளையத்தை வெட்டி, அதனுள் வேறோர் உயிரின் மரபணுவைப் பதித்து, மீண்டும் பாக்டீரியத்தினுள் செலுத்தினால், அது பெருகுந்தோறும் பதித்த மரபணுவும் பெருகும். ஒரே இரவில் கோடிக்கணக்கான படிகள் கிடைக்கும். இதுவே மறுசேர்க்கை டி.என்.ஏ. நுட்பத்தின் தொடக்கம்.

நம் தோட்டக்காரர்கள் அறிந்த ஒட்டுக்கட்டும் முறையோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஒட்டுமாவில் இரு மரங்கள் சேர்ந்து வளர்ந்தாலும் தாய்மரம் தாய்மரமே, ஒட்டு ஒட்டே. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுலடிகள் கையாளும் ஒலிவக் கிளை உவமையும் இத்தகையதே. மறுசேர்க்கை நுட்பமோ வித்தின் எழுத்தையே மாற்றுகிறது. மாறிய எழுத்து வழிவழியாகத் தொடர்கிறது. அச்சம் எழுந்ததும் இங்கேதான்.

2. தாமே இட்ட வேலி

அந்த அச்சத்தை முதலில் சொன்னவர்கள் அறிவியலாரே. புற்றுநோய் தூண்டும் வைரசின் டி.என்.ஏ.வை மனிதக் குடலில் வாழும் பாக்டீரியத்தில் வைத்தால் என்ன நேரும் என்ற கேள்வி பெர்க்கின் ஆய்வுக்கூடத்தைச் சுற்றியே எழுந்தது. 1974 ஜூலையில் பெர்க்கும் அவருடைய தோழர்களும் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதி, சில வகை ஆய்வுகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும்படி உலகெங்குமுள்ள ஆய்வாளரை வேண்டினர். அவ்வேண்டுகோள் மதிக்கப்பட்டது. 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியக் கடற்கரையிலுள்ள அசிலோமரில் ஏறக்குறைய 140 பேர் கூடி, எவ்வகை ஆய்வுக்கு எவ்வளவு பாதுகாப்பு வேண்டும் என்று வரையறுத்தனர். அடுத்த ஆண்டில் அமெரிக்க அரசின் நெறிமுறைகள் வெளிவந்தன.

அறிவின் வரலாற்றில் இது அரிய நிகழ்ச்சி. தம்மால் செய்யக்கூடியதைச் செய்யாமல் நிறுத்திவைக்க அறிஞர்கள் தாமே முன்வந்தனர். ஏதேனில் மனிதனுக்குத் தோட்டத்தைப் பண்படுத்தும் பணியோடு காக்கும் பணியும் சேர்த்தே அளிக்கப்பட்டது என்பதை நினைப்போர் இதனை மதிக்காமலிருக்க இயலாது. ஆயினும் அசிலோமரில் பேசப்பட்டது பெரும்பாலும் பாதுகாப்பைப் பற்றியே. இந்நுட்பத்தின் பயன் யாருக்கு, உரிமை யாருக்கு என்னும் கேள்விகள் அங்கே விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

அக்கேள்விகளைக் கேட்டவர்களுள் திருச்சபையாரும் இருந்தனர். 1979 ஜூலையில் உலகத் திருச்சபைகள் மாமன்றம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் விசுவாசம், அறிவியல், எதிர்காலம் என்னும் பொருள்பற்றி மாநாடு ஒன்றைக் கூட்டியது. அதனைத் தலைமையேற்று நடத்தியவர் கேரளத்தைச் சேர்ந்த பவுலோஸ் மார் கிரகோரியோஸ். 1938இல் தாம்பரத்தில் கூடிய அனைத்துலக அருட்பணி மாமன்றத்தை நினைவிற்கொள்வோர், உலகத் திருச்சபையின் சிந்தனையில் இந்தியக் குரல் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை இங்கே காணலாம். மறு ஆண்டு, 1980 ஜூனில், அமெரிக்கப் புராட்டஸ்டண்ட், கத்தோலிக்க, யூத அமைப்புகளின் பொதுச் செயலர் மூவர் தங்கள் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதி, உயிரின் மரபை மாற்றும் ஆற்றல் தக்க மேற்பார்வையின்றி வளர்வதை எடுத்துக்காட்டினர். அதன் விளைவாகக் குடியரசுத் தலைவரின் ஆணையம் 1982இல் தன் அறிக்கையை வெளியிட்டது. நுட்பம் தன்னளவில் தீயதன்று, அதன் பயன்பாடு ஓயாது கண்காணிக்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம்.

3. உயிருக்கு உரிமைப் பத்திரம்

அம்மூவரும் அப்போது எழுதக் காரணமாயிருந்தது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, கச்சா எண்ணெயைச் சிதைக்கவல்ல பாக்டீரியம் ஒன்றை உருவாக்கினார். அவர் கையாண்டது மறுசேர்க்கைக் கத்தரி முறையன்று. பாக்டீரியங்கள் இயல்பாகப் பிளாஸ்மிட்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் வழியையே அவர் பயன்படுத்தினார். எனினும், மனிதன் உருவாக்கிய உயிருக்குக் காப்புரிமை வழங்கலாம் என 1980 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தபோது, மரபணு நுட்பம் முழுவதற்கும் வணிகக் கதவு திறந்தது. அவ்வாண்டு இறுதியிலேயே கோயன், போயர் ஆகியோரின் முறைக்கும் காப்புரிமை வழங்கப்பட்டது. 1997இல் அது காலாவதியாகும் வரை பல்கலைக்கழகங்களுக்கு 25 கோடி டாலருக்கு மேல் வருவாய் கிடைத்தது.

இதற்கு எதிர்ச்சான்று ஒன்று முன்னரே வரலாற்றில் உண்டு. 1921-22இல் கனடாவின் டொரோண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் முதலியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தபோது, காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திற்கு எழுதிக்கொடுத்துவிட்டனர். உயிர் காக்கும் பொருளுக்குத் தனியார் உரிமை தகாது என்பது அவர்கள் எண்ணம்.

அதே இன்சுலினே மறுசேர்க்கை நுட்பம் தந்த முதல் பெரு மருந்தாகவும் அமைந்தது. அதற்குமுன் அறுப்புக்கூடங்களில் கிடைக்கும் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்களிலிருந்தே இன்சுலின் எடுக்கப்பட்டது. ஒரு பவுண்டு இன்சுலினுக்கு ஏறத்தாழ 8000 பவுண்டு கணையம் வேண்டியிருந்தது. சிலருக்கு அது ஒவ்வாமையையும் உண்டாக்கிற்று. 1978இல் போயர் பங்குபெற்ற ஜெனென்டெக் நிறுவனத்தாரும் அவர்களுடன் உழைத்தோரும், வேதிமுறையால் கட்டிய மரபணுவைப் பாக்டீரியத்தில் பதித்து மனித இன்சுலினையே விளைவித்தனர். 1982 அக்டோபரில் அமெரிக்காவில் அது மருந்தாக ஏற்கப்பட்டது. கிருமியிலிருந்து வரும் மருந்தை ஏற்கலாமா என்று வினவும் சபையாருக்கு ஆயர்கள் இதனை விளக்கலாம். கிருமி அங்கே பாத்திரம் மட்டுமே. அதில் விளைவது நம் உடல் இயல்பாகச் சுரக்கும் பொருள்தான். இந்திய நிறுவனங்கள் இதனைத் தாமே உற்பத்தி செய்து விற்கத் தொடங்கியது 2000த்துக்குப் பின்னரே. பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2004இல் தன் இன்சுலினை வெளியிட்டது. அமெரிக்க நோயாளி 1982இல் பெற்றதை நம் நாட்டில் செய்து விற்க இருபதாண்டுகள் கடந்துவிட்டன.

4. தாமதமாக வந்த தடுப்பூசி

இந்தத் தாமதத்தின் பொருளை ஈரல் அழற்சி 'பி' தடுப்பூசியின் வரலாறு இன்னும் தெளிவாகக் காட்டும். மஞ்சட்காமாலையோடு தொடங்கி, பல்லாண்டுகளுக்குப் பின் ஈரலைச் சுருக்கியும் புற்றுநோயாக்கியும் கொல்லும் நோய் இது. பிறப்பின்போது தாயிடமிருந்து நோய் தொற்றிய குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேர் அவ்வைரசை வாழ்நாள் முழுதும் சுமப்பர். இந்தியாவில் அதனைச் சுமந்து வாழ்வோர் ஏறக்குறைய 3 கோடி பேர் என உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டுள்ளது.

பாரூக் பிளம்பெர்க் 1960களில் இவ்வைரசின் அடையாளத்தைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்றார். சென்னை ஆய்வாளரோடு அவருக்குத் தொடர்பு உண்டு. நம் பாட்டிமார் காமாலைக்குக் கொடுத்த கீழாநெல்லியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் தோழர்களும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்து, 1988இல் 'லான்செட்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். பிற நாடுகளில் நடந்த பின்னாய்வுகள் அவ்வளவு நல்ல பயனைக் காட்டவில்லை. நோயை வந்தபின் நீக்குவதினும் வராமல் தடுப்பதே வழி என்பது உறுதியாயிற்று.

1981இல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற முதல் தடுப்பூசி, நோய்த்தொற்று உடையோரின் குருதி நீரிலிருந்து எடுக்கப்பட்டது. எய்ட்ஸ் பரவத் தொடங்கிய காலம் அது. குருதியிலிருந்து வரும் எதனையும் மக்கள் ஐயத்தோடு நோக்கினர். மறுசேர்க்கை நுட்பம் அந்த ஐயத்தை நீக்கியது. வைரசின் மேலுறைக்குரிய ஒரே மரபணுவை எடுத்து, ரொட்டி புளிக்கப் பயன்படும் ஈஸ்டில் பதித்தால், ஈஸ்ட் அவ்வுறையை மட்டும் விளைவிக்கும். நோய் தரும் வைரசு அதில் இல்லை. 1986இல் இத்தடுப்பூசி உரிமம் பெற்றது. மனிதருக்கு மறுசேர்க்கை நுட்பத்தால் கிடைத்த முதல் தடுப்பூசி இதுவே.

ஆனால் அதன் விலை ஏழை நாடுகளின் எல்லையிலேயே அதனை நிறுத்திவைத்தது. இறக்குமதியான தடுப்பூசியின் ஒரு வேளை மருந்துக்கே பல நூறு ரூபாய் ஆயிற்று. மூன்று வேளை போடவேண்டும். கூலித்தொழிலாளியின் குடும்பத்திற்கு இது எட்டாக் கனி. மின்னணுப் பொறியாளரான வரப்பிரசாத் ரெட்டி, இத்தடுப்பூசியை இந்தியாவிலேயே செய்யும் எண்ணத்தோடு 1993இல் ஐதராபாத்தில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, அதற்குத் தம் தாயின் பெயரைச் சூட்டினார். உசுமானியா பல்கலைக்கழகத்திலும், பின்னர் அந்நகரின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்திலும் இடம் பெற்று ஆய்வாளர்கள் உழைத்தனர். 1997 ஆகஸ்டில் அவர்களுடைய தடுப்பூசி சந்தைக்கு வந்தது. பிற இந்திய நிறுவனங்களும் தொடர்ந்தன. விலை பல மடங்கு வீழ்ந்தது.

விலை வீழ்ந்தபோதிலும் ஏழைக் குழந்தையின் தொடையில் அந்த ஊசி ஏற இன்னும் காலம் பிடித்தது. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் 2002இல் முன்னோட்டமாகச் சேர்க்கப்பட்டது. சில ஆண்டுகளில் தமிழகம் உள்ளிட்ட பத்து மாநிலங்களுக்கு விரிந்தது. 2011இல்தான் நாடு முழுவதற்கும் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில், இதனையும் உள்ளடக்கிய ஐந்நோய்த் தடுப்பூசி முதன்முதலாகத் தமிழகத்திலும் கேரளத்திலும் தொடங்கப்பட்டது. 1986க்கும் 2011க்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள். அக்காலத்தில் பிறந்து, தடுத்திருக்கக்கூடிய நோயைத் தாயிடமிருந்து பெற்றோர் இன்று நடுவயதை எட்டும் நம் சபையாரிடையேயும் உண்டு. படி இருந்தது, வேளை தவறிற்று.

5. உப்பும் நெல்லும்

மருந்தில் நேர்ந்தது தாமதம் என்றால், பயிரில் நேர்ந்தது வேறு. கேளம்பாக்கம் முதல் கோடியக்கரை வரை நம் கடலோர உழவர் அறிந்த பகை உப்பு. நிலத்தடி நீர் வற்றும்போது கடல்நீர் உள்ளே ஏறும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினம் பகுதியில் வயல்கள் ஒரே காலைப்பொழுதில் உப்பேறிப்போயின. அதே நாளில் பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகள் தம் பின்னிருந்த சிற்றூர்களைக் காத்தன.

எம். எஸ். சுவாமிநாதன் 1987இல் பெற்ற உலக உணவுப் பரிசைக் கொண்டு 1988இல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் தரமணியில் உள்ளது. கடல்மட்டம் உயரும் என்ற முன்னறிவோடு, ஆழிப்பேரலைக்குப் பல்லாண்டுகள் முன்னரே, அங்கே ஒரு கேள்வி கேட்கப்பட்டது. உப்பு நீரில் வேரூன்றி, இலை வழியே உப்பைக் கசியவிட்டு வாழும் வெண்கண்டல் மரத்தின் தாங்கும் ஆற்றலை நெல்லுக்கு அளிக்க இயலுமா? அஜய் பரிடாவின் தலைமையில் ஆய்வாளர்கள் அம்மரத்தின் மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தனர். உப்பு மிகும்போது உயிரணுவினுள் பெருகும் நச்சு ஆக்சிசன் மூலக்கூறுகளை அடக்கும் நொதி ஒன்று உண்டு. அதற்குரிய கண்டல் மரபணுவை நெல்லில் பதித்து, அந்நெல் உப்பையும் பிற நெருக்கடிகளையும் கூடுதலாகத் தாங்கியதை 2008இல் வெளியிட்டனர்.

அந்நெல் இன்னும் உழவரின் விதைக்கூடைக்கு வரவில்லை. அதற்குக் காரணம் அறிவியல் மட்டுமன்று. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989இல் வகுக்கப்பட்ட விதிகளே மரபணு மாற்றிய உயிர்களை இந்நாட்டில் ஆளுகின்றன. அவற்றின்படி பூச்சியைத் தாங்கும் பருத்தி 2002இல் அனுமதி பெற்றது. அதே வகை மரபணுவைக் கொண்ட கத்தரிக்காய், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தமிழக வகைகளில் சேர்த்து வளர்த்த பயிர், அனுமதிக்கு அருகில் வந்தபின் 2010 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. அதற்குமுன் ஏழு நகரங்களில் உழவர், அறிஞர், நுகர்வோர் அனைவரும் பேச இடமளிக்கப்பட்டது. விதை யாருடையது, ஒவ்வோராண்டும் விதைக்காகப் பணம் கட்டவேண்டுமா, கத்தரியின் தாயகமான இந்நாட்டின் நாட்டு வகைகள் என்னவாகும் என்பன அங்கே எழுந்த கேள்விகள். அவை நியாயமானவை. ஆனால் பெருவணிகத்தின் விதைக்கு எதிராக எழுந்த சந்தேகம், பொதுநிறுவனம் ஒன்று உப்பு வயலுக்கெனத் தேடிய நெல்லின் மீதும் படிந்தது என்பதையும் நாம் காணவேண்டும். 2025 மே மாதத்தில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், அயல் மரபணு ஏதும் சேர்க்காமல் நெல்லின் சொந்த எழுத்துகளையே திருத்தி உருவாக்கிய இரு வகைகளை அறிவித்தது. அவற்றுள் ஒன்று வறட்சியையும் உப்பையும் தாங்குவது. இதுவேனும் உழவரின் விதையாக நிற்குமா என்பதைக் காலம் காட்டும்.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் ஒரே வயலில் இருவகை விதை கலத்தலுக்கு இடப்பட்ட தடையை இங்கே சிலர் மேற்கோள் காட்டுவர். அவ்வதிகாரம் முழுவதையும் படிப்பது நன்று. அறுவடையின்போது வயலின் ஓரங்களை எளியவருக்கும் பரதேசிக்கும் விட்டுவைக்கும்படி சொல்லும் கட்டளை, அதே அதிகாரத்தில் அதற்குச் சில வசனங்களுக்கு முன்னே இருக்கிறது. விதையின் தூய்மையைப் பற்றிப் பேசி விளைச்சலின் ஓரத்தை மறப்பது திருமறையைப் பாதி படிப்பதாகும்.

6. வேலூரும் வடநெம்மேலியும்

இனி வரும் நாட்களில் நாம் சந்திக்கவிருக்கும் இரு நிகழ்வுகளைக் குறித்து முடிக்கலாம். ஒன்று நம் அருட்பணி வரலாற்றோடு இணைந்தது. ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் மருத்துவமனை, இன்று திருச்சபைகள் பலவற்றின் கூட்டு ஊழியம். அங்கே அலோக் ஸ்ரீவஸ்தவாவும் தோழர்களும் ஹீமோஃபிலியா என்னும் குருதி உறையாமை நோய்க்கு மரபணு மருத்துவம் செய்தனர். இந்நோயாளிகளுக்குக் குறைவது குருதியை உறையவைக்கும் ஒரு புரதம். 1980களில் பிறர் குருதியிலிருந்து எடுத்த அப்புரதத்தின் வழியே மேல்நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் எய்ட்ஸ் நோய்க்கு ஆளாயினர். 1992இல் மறுசேர்க்கை நுட்பத்தால் தூய புரதம் கிடைத்தது. எனினும் வாழ்நாள் முழுதும் அதனை வாங்கிச் செலுத்த நம் நாட்டில் எத்தனை குடும்பங்களால் இயலும்? வேலூரில், நோயாளியின் சொந்தக் குருதி மூல உயிரணுக்களை எடுத்து, திருத்திய மரபணுவைச் சேர்த்து, அவருக்கே திருப்பிச் செலுத்தினர். ஐவருக்குச் செய்ததன் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. அவர்கள் கண்காணிக்கப்பட்ட காலத்தில் ஒருவருக்கும் குருதிக் கசிவு நேரவில்லை. இதே நோயின் மற்றொரு வகைக்கு 2022இல் அமெரிக்காவில் வந்த மரபணு மருந்தின் விலை 35 லட்சம் டாலர். வேலூரின் பணி எவ்விலையில் எளியோருக்கு எட்டும் என்பதே அதன் ஊழியத் தன்மைக்குச் சோதனையாகும்.

மற்றொன்று நம் அண்டையில் உள்ளது. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் சென்று கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் வடநெம்மேலி. அங்கே 1978 முதல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. பாம்புத்தோல் வாணிகம் சட்டத்தால் நின்றபின் பிழைப்பிழந்த இருளர்கள், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சை எடுத்து, பாம்பை மீண்டும் காட்டில் விடும் தொழிலைக் கைக்கொண்டனர். அந்நஞ்சைச் சிறுசிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் எழும் எதிர்ப்பொருளைப் பிரித்தே நாட்டின் பாம்புக்கடி மருந்து உருவாகிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்பது ஓர் ஆய்வின் கணக்கு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள். இருளரின் பேரறிவை நாடு 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் பத்மஸ்ரீ அளித்து மதித்தது.

குதிரையின்றியே இம்மருந்தை விளைவிக்கும் முயற்சி இப்போது நடைபெறுகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தாரும் அமெரிக்க ஆய்வாளரும் மறுசேர்க்கை முறையால் மனித எதிர்ப்பொருள் ஒன்றை உருவாக்கி, அது நல்லபாம்பு, கட்டுவிரியன் முதலியவற்றின் நரம்பு நஞ்சில் ஒரு பெரும் வகையை அடக்குவதை 2024இல் காட்டினர். இது முழு மருந்தாக இன்னும் நெடுந்தூரம் உண்டு. ஆனால் ஒருநாள் அது வரும். வரும்போது கடிபட்ட உழவருக்கு ஒவ்வாமையற்ற மருந்து கிடைக்கும், குதிரைகளின் துன்பமும் குறையும். அன்று இருளரின் கையில் என்ன இருக்கும்? நாற்பதாண்டுகளுக்கு மேலாக நாட்டின் உயிர்காக்கும் மருந்துக்கு மூலப்பொருள் தந்தவர்கள், தோல் வாணிகம் நின்றபோது இருந்த நிலைக்கே திரும்ப நேரிடலாகாது. இக்கேள்வியை ஆய்வுக்கூடம் கேட்காது, சந்தையும் கேட்காது. அவர்களுக்கு அண்டையில் வாழும் சபைகள் கேட்கவேண்டும்.

7. கணக்கொப்புவித்தல்

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால், மறுசேர்க்கை நுட்பத்தைக் குறித்து நம் திருச்சபைக்கு மூன்று கடமைகள் தெரிகின்றன.

முதலாவது, அறிந்துகொள்ளுதல். கத்தரியும் பசையும் கடவுளின் படைப்பில் கண்டெடுக்கப்பட்டவை. ஆகவே நுட்பத்தையே பாவம் எனத் தள்ளுவது படைப்பைப் பற்றிய குறைந்த நம்பிக்கையாகும். ஆயர்கள் தடுப்பூசியையும் இன்சுலினையும் பற்றிய அச்சங்களைச் சபையில் போக்கவேண்டும். குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் ஈரல் அழற்சி 'பி' ஊசி போடப்பட்டதா என்று ஞானஸ்நானத்திற்கு வரும் பெற்றோரிடம் வினவுவதும் ஆயர் பணியே.

இரண்டாவது, வேலியைக் காத்தல். அசிலோமரில் அறிஞர்கள் தாமே இட்ட வேலி, பின்னர் நம் நாட்டின் 1989ஆம் ஆண்டு விதிகளாகவும், 2010இல் ஏழு நகரங்களில் நடந்த பொது விவாதங்களாகவும் உருவெடுத்தது. எளியவர் பேச இடமளிக்கும் அத்தகைய முறைகள் சுருங்காதபடி பார்த்துக்கொள்வது குடிமக்களாகிய நம் பொறுப்பு.

மூன்றாவதும் தலையானதும், படியளத்தலைக் கணக்கிடுதல். ஒரு கண்டுபிடிப்பின் ஆண்டை மட்டும் குறித்து மகிழாமல், அது கடைசி வீட்டை அடைந்த ஆண்டையும் குறிக்கவேண்டும். 1982, 1986, 2008, 2024 ஆகிய ஆண்டுகளின் எதிரே எழுதவேண்டிய மற்றோர் ஆண்டு உண்டு. சிலவற்றிற்கு அது நிரம்பியுள்ளது. உப்பு வயலின் நெல்லுக்கும் வேலூரின் மருத்துவத்திற்கும் அவ்விடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

லூக்கா நற்செய்தியின் உவமையில், எசமான் வரத் தாமதிக்கிறார் என்று எண்ணிய உக்கிராணக்காரன் களஞ்சியத்தைத் தன்னுடையதென்று கருதத் தொடங்குகிறான். உயிருக்கு உரிமைப் பத்திரம் எழுதும் காலத்தில் அச்சோதனை முன்னினும் வலியது. அதிகம் ஒப்புவிக்கப்பட்டவனிடத்தில் அதிகம் கேட்கப்படும் என்னும் எச்சரிக்கையோடு ஆண்டவர் அப்பகுதியை முடிக்கிறார். மரபின் எழுத்தையே திருத்தும் திறவுகோலைப் பெற்ற நம் தலைமுறை, அந்தக் கணக்கிற்கு இப்போதே ஆயத்தப்படுவதாக.